மூன்றாவது கையெழுத்தைத் தேடி மானிப்பாய்க்கு

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கினேன். குடிவரவு அதிகாரி என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். போட்டோ எடுத்த காலத்தில் எனக்குத் தூக்கம் இருந்தது. இப்போது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"ஒருத்தர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும் சார்."

"ஆர், நடிகரோ?"

"இல்ல சார். மானிப்பாயில ஒரு ரிட்டையர்டு ஆள்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'சுற்றுலா' என்று தன் கையாலேயே எழுதி முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மனிதர், ஒரு குத்து, நான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன். என் அக்காவின் பணமோ இருபத்தொன்பது நாளாக நடுக்கடலில் நிற்கிறது.

கடல் என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் நான். வயது ஐம்பத்தொன்று. தெருவில் யாருக்கு போன் தொங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரில், முப்பத்து நாலு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்காவிடம், "பேங்க்ல போட்டா பூஞ்சைதான் பிடிக்கும், எங்கிட்ட கொடு" என்று வாங்கி, அதை முழுக்க டிஜிட்டல் காசாக மாற்றி ஒரு பிளாக்செயினில் போட்டு வைத்தேன். பிளாக்செயின் என்பது ஆயிரம் கணினிகள் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு பாதுகாக்கும் ஒரு பேரேடு. எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. அந்த வசதியை நான் மெச்சிய காலமும் ஒன்று இருந்தது.

அக்கா ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டவில்லை என்றால் ஒதுக்கீடு ரத்து. இருக்கிற வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காசை ரூபாயாக்கிக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தார், ஆனால் அவர் இருப்பது வேறொரு பிளாக்செயினில். ஒன்றின் கண்ணுக்கு இன்னொன்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பாலங்களும் இருந்தன. அவர்கள் கேட்ட கட்டணம் மூன்று காபி விலை அதிகம் என்று ஒரு சின்னப் பாலமாகப் பார்த்துப் பிடித்தேன்.

பாலத்தில் காசு நடந்து போவதில்லை. இந்தக் கரையில் பூட்டி வைத்துவிடுவார்கள். பூட்டியதைக் கண்ணால் பார்த்தோம் என்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டால், அந்தக் கரையில் அதே மதிப்புக்குப் புதிதாக ஒரு சீட்டு பிறக்கும். என் பாலத்துக்குச் சாட்சிகள் ஐந்து பேர். எந்த மூன்று பேர் போட்டாலும் செல்லும். ஐவரில் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டார், இன்னொருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பதெல்லாம் பணம் பூட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மீதி மூன்று பேர். இரண்டு பேர் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் டெலிபோன் இலாகாவில் ஓய்வுபெற்ற மகாலிங்கம். பணத்தை இந்தப் பக்கமே திருப்பிக் கொடுக்கவும் அவர் கையெழுத்து வேண்டும். சாட்சிகளை மாற்றவும் அவர் கையெழுத்து வேண்டும். நான் இரவெல்லாம் செய்தி அனுப்பியும் அவரோ பதிலே போடவில்லை.

பாலத்தை நடத்தும் லார்ஸ் என்ற நார்வேக்காரப் பையனிடம் கத்தினேன். "சோதனை நிலையில் இருக்கிறோம் என்று தளத்திலேயே எழுதியிருந்தோமே" என்றான். மகாலிங்கத்துக்கு எப்போதோ ஒரு டி-ஷர்ட் அனுப்பியதில் அவர் முகவரி இருந்தது. மானிப்பாய். "உங்களுக்குப் பக்கம்தானே" என்றான். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் பக்கம்தான்.

அக்காவிடம் நல்லூருக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். "எனக்கும் சேர்த்து அர்ச்சனை பண்ணு" என்று புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அதைக் கப்பலில் வைத்து வாந்தி எடுத்தேன்.

முதல் நாள் முழுக்க பஸ். எங்கள் ஊர் கண்டக்டர் உள்ளே போகச் சொன்னால் அதில் நம் பரம்பரையே வரும். இங்கே, "அண்ணை, பின்னுக்கு வடிவா இடம் கிடக்கு, கொஞ்சம் அரக்குங்கோ" என்கிறார். அந்த மரியாதைக்காகவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சைவக் கடையில் பால் விடாத தேநீர் ஒன்று வாங்கினேன். சர்க்கரை கேட்டதற்கு உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்தார்கள். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். கடித்தேன். ஒரு நிமிஷம் அக்காவை மறந்தேன். உடனே மனசு குறுகுறுத்து போனை எடுத்துப் பார்த்தேன். 'நிலுவையில், கையெழுத்து 2/3.'

அந்தத் திரையை நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரிதான். மானிப்பாய் பஸ்ஸிலும் அதே கதை. என் முன்னால் ஒரு சிங்களக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கணவரிடம் ஏதோ சொன்னார். பக்கத்து இருக்கைப் பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்த மனுசன் ஏன் போனைப் பாத்துப் பாத்துக் கண்ணைத் துடைக்கிறார், ஆரும் செத்திட்டினமோ எண்டு கேக்கிறா."

"இல்லைன்னு சொல்லுங்க" என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

நிமிர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர். பஸ் காரைநகருக்குப் போகிற பஸ். மானிப்பாய் எப்போதோ போய்விட்டது. நாங்கள் பொன்னாலைப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். முழங்கால் ஆழத்தில் நின்று ஒருவர் வலை வீசினார். தீபகற்பத்திலிருந்து தீவுக்கு மனிதர்கள், சைக்கிள்கள், ஒரு மூட்டை வெங்காயம், நான், எல்லோரும் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வர கடைசி பஸ்தான் கிடைத்தது.

இரண்டாம் நாள் ஓட்டோ பிடித்தேன். நம்மூர் ஆட்டோவேதான், ஆனால் உள்ளே பூமாலையும் பெரிய ஸ்பீக்கரும். ஓட்டியவர் பெயர் ரூபன். முப்பத்தைந்து வயதிருக்கும். வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினால் குற்றம் என்று நினைக்கிற ஜாதி. என்னிடமிருந்து விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"அண்ணை, உது எங்கடை உண்டியல்தானே" என்றார்.

"கோயில் உண்டியலா?"

"சீச்சீ. லண்டனிலை எங்கடை மாமா ஒருத்தனிட்டைக் காசு குடுப்பார். இஞ்சை வேறை ஒருத்தன் மோட்டச்சைக்கிளிலை வந்து அம்மாட்டைக் குடுப்பான். காசு கடல் தாண்டினதே இல்லை. தாண்டினது ஒரு போன் கதை மட்டும்."

இரண்டு வருஷம் நான் யூடியூபில் படித்ததை மனிதர் ஒரு வேகத்தடைக்கும் அடுத்ததற்கும் இடையில் சொல்லி முடித்தார்.

"அதுல ஏமாத்த மாட்டாங்களா?"

"ஏமாத்தினா அவன்ரை தங்கச்சியை ஆர் கட்டுறது? உங்கடை ஐஞ்சு பேருக்கும் தங்கச்சி இருக்கோ?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "அதெல்லோ முதல் விசாரிக்கிறது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மானிப்பாயில் ஒரு பலசரக்குக் கடை முன்னால் இறக்கிவிட்டார். வெயில். கடைச் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றுகொண்டு, "மகாலிங்கம்ங்கிறவர் வீடு எதுங்க?" என்று கேட்டேன்.

"எந்த மகாலிங்கம்? சுருட்டு மகாலிங்கமோ, ரெலிபோன் மகாலிங்கமோ?" என்றார் கடைக்காரர்.

"டெலிபோன்லதான் வேலை பார்த்தாராம். கம்ப்யூட்டர் எல்லாம் தெரிஞ்சவர்."

கடைக்காரர் விரலை நீட்டினார். என் தலைக்குப் பின்னால். நான் சாய்ந்திருந்த சுவரில், என் தோளுக்கும் காதுக்கும் நடுவே, வெயிலில் நீலம் வெளுத்த ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் என் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மோசம் போய் நாப்பது நாள் ஆகப்போகுது" என்றார் கடைக்காரர். "நல்ல மனுசன். என்ன தம்பி, சொந்தக்காரரோ? இருங்கோ, இருங்கோ, தண்ணி குடியுங்கோ."

சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். விரல் விட்டு எண்ணினேன். நான் பணத்தை அனுப்பியதற்கு ஒன்பது நாள் முன்பே மகாலிங்கம் போய்விட்டார். தகனமாகி எட்டு நாளான மனிதரின் சாட்சியை நம்பி நான் பித்தானை அழுத்தியிருக்கிறேன். அந்தப் பேரேடு இரவும் பகலும் கண் மூடாமல் எல்லாவற்றையும் சரிபார்க்குமாம். சாட்சிக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் அதற்குத் தெரியாது. எனக்கு எந்தச் சாவுச் செய்தியும் இவ்வளவு தாமதமாக வந்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக நான் இவ்வளவு உண்மையாக அழுததும் இல்லை. கடைக்காரர் நெகிழ்ந்துபோய், உடைத்துக் கொடுத்த சோடாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி இராசமலர் அம்மா தனியாக இருந்தார். "அவரோடு இன்டர்நெட்ல வேலை பார்த்தவன்" என்றேன். அது பொய்யில்லை.

"இந்தியாவிலையிருந்தோ? இவ்வளவு தூரம் வந்து துக்கம் விசாரிக்க ஆர் வருவினம் தம்பி? இருங்கோ." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், கையில் ஒரு போனோடு வந்தார். வயர் செருகி, முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது.

"இவரின்ரை போன். நான் நிப்பாட்டேல்லை. ஒவ்வொரு நாளும் இரவிலை டிங் டிங் எண்டு வரும். ஆரோ அவருக்கு அனுதாபம் எழுதுகினம். இங்கிலீசு எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தாலை வந்து வேறை அலுவல் பாப்பாள். நீங்கள் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியளே?"

திறந்து பார்த்தேன். மேலே இருந்து கீழே வரைக்கும் நான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய என் செய்திகள்.

முதலாவது: 'ஐயா வணக்கம். உங்க ஒரு கையெழுத்துதான் பாக்கி.'

வாசித்தேன்: "ஐயா வணக்கம். உங்க கையெழுத்தை மறக்க முடியாது."

"ஓம், இவரின்ரை எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கும்" என்றார் அம்மா.

'தூங்குறீங்களா, இல்ல தூங்குற மாதிரி நடிக்கிறீங்களா?'

"நிம்மதியா தூங்குங்க."

'எங்க அக்கா வயித்தெரிச்சல் உங்க குடும்பத்தைச் சும்மா விடாது.'

"எங்க அக்காவும் உங்க குடும்பத்தை நினைச்சுக்கிட்டே இருக்காங்க."

'நீர் உருப்பட மாட்டீர்.' இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "நீங்க நல்ல கதி அடைவீங்க."

கடைசி: 'எங்க போய் ஒளிஞ்சாலும் விடமாட்டேன். நேர்லயே வர்றேன்.'

"எங்க இருந்தாலும் உங்களை விட மனசில்லை. நேர்ல வர்றேன்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எல்லாம் ஒரே ஆளோ? அந்தப் பெடியன் நல்ல பெடியன் போலை கிடக்கு. வந்தால் ஒரு வாய் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும் எண்டு எழுதிவிடுங்கோ."

எழுதினேன். என் சட்டைப் பையில் என் போன் டிங் என்றது.

சாப்பாடு போட்டார். துடக்கு, நம்மூர்த் தீட்டு, கழிந்த வீடு, மரக்கறிதான். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கையிலை வறை, பயற்றங்காய். எங்கள் ஊரில் சாம்பாருக்கு இடமில்லாத இலையை இலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டோம். இங்கே சாம்பாரே இல்லை. கடைசியில் வெதுவெதுவென்று தேங்காய்ப்பால் சொதி வந்தது. வெட்கத்தோடு சாப்பிட்டால் ருசி தெரியாது என்பது பொய். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டரைக்கு மகள் வதனி சைக்கிளில் வந்தார். பள்ளி ஆசிரியை, நாற்பது வயது, சிரிக்காத முகம். அம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டார்.

"நீங்கள்தானே 'உருப்பட மாட்டீர்'?"

சொதிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் எல்லாம் வாசிச்சனான். முதல் செய்திக்குப் பதில் போட நினைச்சன். அடுத்தது வந்துது, அதுக்கடுத்தது வந்துது. பேந்து ஏன் போடுவான் எண்டு விட்டிட்டன்." நான் வாய் திறப்பதற்குள், "அம்மாவுக்கு மாத்தி வாசிச்சது நல்லது. குசினிக்கை நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். சரி, என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். அக்கா, ஃபிளாட், மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள். சாவி ஒரு சின்னக் கருவியில் இருக்கும், பென்டிரைவ் போல.

"அது இருந்தது. மாமா, அம்மாவின்ரை தம்பி, அதிலை அப்பாவின்ரை படங்கள் இருக்கும் எண்டு சொல்லி, கல்வெட்டுப் புத்தகத்துக்கு எடுக்க வெளிக்கிட்டவர். நம்பர் கேட்டுது. பிறந்த வருசம் போட்டார், கலியாண வருசம் போட்டார், வீட்டு நம்பர் போட்டார். பேந்து அது தன்ரைபாட்டிலை எல்லாத்தையும் அழிச்சிட்டுது."

மூன்று தப்புக்கு அழிந்துவிடும் கருவி அது. திருடர்களுக்குப் பயந்து அப்படிச் செய்திருக்கிறார்கள். மச்சான்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் கருவி செத்தாலும் வழி உண்டு. அதை முதன்முதலில் இயக்கும்போது இருபத்து நாலு ஆங்கிலச் சொற்களைக் கொடுக்கும். எழுதி ஒளித்து வைக்கச் சொல்லும். அந்தச் சொற்கள் இருந்தால் புதுக் கருவியில் போட்டுச் சாவியை மறுபடி உயிர்ப்பிக்கலாம். "சும்மா சம்பந்தமில்லாத இங்கிலீஷ் சொற்கள், எங்கேயாவது எழுதி வெச்சிருந்தாரா?"

வதனி எழுந்துபோய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, இறந்தவரைப் பற்றி அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். கல்வெட்டு என்கிறார்கள். மகாலிங்கத்தின் வாழ்க்கை வரலாறு, மருமக்கள் பட்டியல், ஒரு இரங்கற்பா. பின்னட்டைக்கு முந்தின பக்கத்தில் பெட்டி கட்டி: 'அப்பா இறுதிக் காலத்தில் விரும்பிச் சேகரித்த ஆங்கிலச் சொற்கள்.' எண்ணினேன். இருபத்து நாலு. எதிரே தமிழ் அர்த்தம் வேறு.

உலகத்தில் எவன் கண்ணிலும் படக்கூடாத ரகசியத்தை ஐந்நூறு பிரதி அடித்து, வடையும் மோதகமும் வைத்த பையில் போட்டு வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் காலில் விழலாம் போலிருந்தது. செத்தவர் கையெழுத்தை நாமே போடுவதா என்ற கூச்சம் ஒரு முக்கால் நிமிஷம் இருந்தது. பிறகு போனை எடுத்தேன். முதல் சொல் ஆப்பிள். இரண்டாவது பனானா. மூன்றாவது பைசிக்கிள். நாலாவது கோகோநட்.

விரல் நின்றது. கடைசியிலிருந்து பார்த்தேன். ஸீப்ரா. அதற்கு முன்னால் விண்டோ. அதற்கு முன்னால் அம்பிரெல்லா.

"இது என்ன வரிசைங்க?"

"அகர வரிசை. பிள்ளையளுக்குப் பிரயோசனப்படட்டும் எண்டு நான்தான் ஒழுங்குபடுத்தினனான்" என்றார் வதனி. அந்த நாளில் முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அவர் எழுதின வரிசை?"

"வரிசை எங்கை இருந்தது? துண்டு துண்டாயெல்லோ கிடந்தது!"

மகாலிங்கம் கெட்டிக்காரர். ஒரே தாளில் எழுதினால் ஒருவன் படம் பிடித்துவிடுவான் என்று, துண்டுக்கு ஒரு சொல்லாக எழுதி, பஞ்சாங்கத்துக்குள் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி வைத்திருந்தார். பக்க வரிசைதான் சொல் வரிசை. எண் போடவே தேவையில்லை. வீட்டில் வேறு யாரும் தொடாத புத்தகம்.

மனிதர் செத்தால் முதல் வேலை திதி பார்ப்பது. அதற்குப் பஞ்சாங்கத்தைத்தான் எடுக்க வேண்டும். அவர் செத்த அன்றைக்குக் கட்டாயம் திறக்கப்படும் ஒரே புத்தகத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதுவும் சும்மா திறக்கவில்லை. வாக்கிய பஞ்சாங்கப்படி திதி என்ன என்று ஒருவர் பார்க்க, மாமா திருக்கணிதம்தான் சரி என்று வாதாட, பிரேதத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு இழுபறி நடந்திருக்கிறது. "மாமா பறிச்சு உதறினார். பொலபொலவெண்டு துண்டுகள் கொட்டிச்சுது. நான் ஒண்டொண்டாய்ப் பொறுக்கி எடுத்தனான்" என்றார் வதனி.

மூன்றாம் நாள் காலையில் மறுபடி போனேன். துண்டுகளை உறையிலிருந்து மேசையில் கொட்டினோம். ஒரே அளவு, ஒரே பேனா, முத்து முத்தான எழுத்து. ஒரு கறையில்லை, ஒரு மடிப்பில்லை. பறந்துவிடும் என்று விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மூன்று பேரும் உட்கார்ந்தோம். வதனி அரைநாள் லீவு போட்டிருந்தார்.

"இவர் எங்கை போனாலும் குடையைத்தான் முதல் எடுப்பார்" என்றார் இராசமலர் அம்மா. குடையை முதலில் வைத்தோம். "பேந்து சைக்கிள்." சைக்கிளை வைத்தோம். போன் 'செல்லாது' என்றது. யன்னலைப் பூட்டிவிட்டுத்தான் குடையை எடுப்பார் என்று நினைவு வந்தது. யன்னல், குடை, சைக்கிள். செல்லாது. தேங்காயை எங்கே வைப்பது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் சின்னச் சண்டை. செல்லாது, செல்லாது, செல்லாது.

மதியம் தாண்டி ஒரு தடவை பச்சை விழுந்தது. 'சரியான சொற்றொடர்.' நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அம்மா, "முருகா!" என்றார். வதனிகூடச் சிரித்துவிட்டார். ஒரு கணக்கு திறந்தது. வேறு முகவரி. உள்ளே ஒன்றுமில்லை. தற்செயலாகச் சில வரிசைகள் பொருந்திப்போகும், அப்போது எங்கோ ஒரு காலி வீடு திறந்துகொள்ளும். யாரும் கட்டாத, யாரும் குடிவராத வீடு. எதற்கென்றே தெரியாமல் வெகுநேரம் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லார்ஸைக் கூப்பிட்டேன். கல்வெட்டு என்பதை ஆங்கிலத்தில் எப்படி விளக்கினேன் என்று கேட்காதீர்கள். கடைசி வரை கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இருபத்து நாலு சொற்களை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை எழுதினால், அந்த எண்ணுக்கே இருபத்து நாலு இலக்கம் வரும். எங்களிடம் உள்ள எந்தக் கணினியாலும் முடியாது. அவ்வளவு காலம் சூரியன் இருக்குமா என்றுகூடத் தெரியவில்லை." அதோடு, "அவர் எப்போதும் பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு படம் அனுப்புவீர்களா?" என்றான்.

கல்வெட்டின் அட்டையில் இருந்த அவர் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பாலத்தை மூடிவிட்டதாகச் சாயந்திரம் ஒரு வரி போட்டிருந்தான்.

இதில் என்னைக் கொல்வது எது என்றால், பணம் திருட்டுப் போகவில்லை. திருடியிருந்தால் போலீசில் சொல்லலாம், மண்ணை வாரித் தூற்றலாம், என்னை நானே அப்பாவி என்று சொல்லிக்கொள்ளலாம். அது அங்கேயேதான் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். ஒரு பைசா குறையவில்லை, குறையவும் போவதில்லை. அக்காவுக்கு உலகத்திலேயே பத்திரமான பெட்டியில் போட்டுத் தருவதாகச் சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியத்தை மட்டும் காப்பாற்றிவிட்டேன்.

கிளம்பும்போது இராசமலர் அம்மா ஒரு பை நிறையப் புழுக்கொடியலும், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கும், பனங்கட்டியும் கொடுத்தார். "அக்காட்டைக் குடுங்கோ. கோவிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இவர் இருந்திருந்தா உடனை செய்திருப்பார்." நான் யார் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வதனி வாசல் வரைக்கும் வந்தார். "அண்ணை, இனி ஆருக்கும் எழுதேக்கை முதல் 'இருக்கிறியளோ' எண்டு கேட்டிட்டு எழுதுங்கோ" என்றார்.

நாலாம் நாள் காங்கேசன்துறை. காற்று பலம், கப்பல் வராது என்று சொல்லிவிட்டார்கள். மூடிக் கிடக்கும் சிமெந்து ஆலைப் பக்கமாக நடந்தேன். மணல் கண்ணில் அடித்தது. கண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதி. அக்கா கூப்பிட்டாள்.

"நல்லூர்ல அர்ச்சனை பண்ணியாடா?"

அந்தப் பக்கம் பிளாஸ்டிக் டேப் கிழியும் சத்தம் கேட்டது. சாமான் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எத்தனையோ தினுசாகச் சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. முதலிலிருந்து கடைசி வரை, மூன்று காபி விலையிலிருந்து மூடிய பாலம் வரைக்கும், நேராகச் சொன்னேன். நடுவில் டேப் சத்தம் நின்றுவிட்டது. கட்டியதைக் கொண்டுபோக இனி வீடில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொத்தமுமா?"

"மொத்தமும்க்கா."

"வேற வழியே இல்லையா?"

"இல்லக்கா."

வெகுநேரம் காற்றுதான் கேட்டது. அது என் பக்கத்துக் காற்றா, அவள் மூச்சா என்று சொல்ல முடியாது.

"எப்ப வர்ற?" என்றாள்.

"காத்து அடிக்குதுக்கா. அடங்கினாத்தான் கப்பலாம்."

"நல்லது. மெதுவாவே அடங்கட்டும்" என்றாள். "நீ வர்றதுக்குள்ள நான் அழுது முடிச்சிடறேன்."

மறுநாள் விடியும்போதே காற்று அடங்கிவிட்டது.